இசோகாயின் புதன்கிழமைக் காகிதக் கட்டுகள்

ஜப்பானியக் கடலோர ஊரான கசஹாமாவில் மாதத்தின் இரண்டாம் புதனும் நான்காம் புதனும் பழைய காகிதம் எடுக்கும் நாள். மேட்டுத்தெருக்காரர்கள் செய்தித்தாளைத் தனியாக, பத்திரிகையைத் தனியாக, அட்டைப்பெட்டியைத் தனியாகக் கயிறு போட்டுக் கட்டி, காலை எட்டு மணிக்குள் தெருமுனைச் சுவரோரம் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். மற்ற நாட்களில் அதே சுவரோரம்தான் சமையலறைக் குப்பையும் வைப்பார்கள். காக்கை கிளறாமலிருக்க ஒரு பச்சை வலை உண்டு. ஊரில் இதைவிடச் சாதாரணமான இடம் கிடையாது.

அந்த இடத்துக்கு முன்னால்தான் வெளியூர்க்காரர்கள் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இசோகாய் தத்சுவோவுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வயது எழுபத்தொன்று. முப்பத்தெட்டு வருஷம் துறைமுகத்து மீனவர் சங்கத்தில் கருவாட்டுப் பெட்டி கட்டியவர். எப்போதும் ஒரே பக்கமாகப் பெட்டி சுமந்து இடது தோள் இரண்டு விரற்கடை இறங்கிப் போயிருந்தது. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மடித்து அடிப்பக்கமாகச் செருகி அவர் போடுகிற முடிச்சு, பெட்டி கடலில் விழுந்தாலும் அவிழாது. ஆனால் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் உடனே திறந்துகொள்ளும். அதிகம் பேசமாட்டார். பேசினால் பெரும்பாலும் யாராவது எதையாவது தப்பாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள்.

குப்பை இடத்தைக் கவனிக்கும் முறை மாதாமாதம் வீடு மாறி வரும். ஆனால் காகித நாளில் மட்டும், முறை யாருடையதாக இருந்தாலும், இசோகாய்தான் ஆறு மணிக்கே வந்து நிற்பார். ஒவ்வொரு கட்டையும் அவிழ்ப்பார். தாள்தாளாகப் புரட்டுவார். மறுபடி தன் முடிச்சைப் போட்டுக் கட்டி வைப்பார். வெயிலோ பனியோ, பதினான்கு வருஷமாக இது ஒருநாளும் தவறியதில்லை. மேட்டுத்தெருக்காரர்கள் அவருக்குக் 'குப்பை மந்திரி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எதிர்வீட்டு ஹமானாகா அம்மாள்தான் இதில் முன்னணி. எழுபதைத் தாண்டிய விதவை. அவள் காதில் ஒரு சேதி விழுந்தால் அது மதியத்துக்குள் துறைமுகம் போய்விடும்.

"மந்திரி வந்தாச்சா? என் வீட்டுக் கட்டுல என்ன ரகசியம் இருக்குன்னு பாத்தாச்சா?" என்று வாசலிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"அட்டையையும் பத்திரிகையையும் ஒண்ணாக் கட்டியிருக்கீங்க."

"அய்யோ, ஜெயில்ல போடுங்க!"

இவ்வளவு கேலி செய்தாலும் அவரைத் தடுக்க மாட்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பழைய வாரப்பத்திரிகைகளோடு சேர்த்து, இறந்துபோன கணவர் கப்பலிலிருந்து எழுதிய கடிதங்களையும் அவள் அறியாமல் கட்டிப் போட்டுவிட்டாள். இசோகாய்தான் கண்டுபிடித்து, ஒரு வார்த்தையும் பேசாமல் அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அன்று மட்டும் அவள் கேலி செய்யவில்லை.

வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. 'வளைவு வீடு' என்று ஒரு படக்கதை பத்திரிகையில் தொடராக வந்து, பிறகு தொலைக்காட்சியில் அசையும் சித்திரத் தொடராகவும் வந்தது. அதில் வரும் ஊர் கசஹாமாதான் என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். கலங்கரை விளக்கம், ரொட்டிக் கடை, கோயில் படிக்கட்டு என்று ஒவ்வொரு இடமாகத் தேடி வந்தார்கள். கையில் படத்தின் காட்சியை வைத்துக்கொண்டு, முன்னே ஒரு அடி பின்னே ஒரு அடி நகர்ந்து, எந்த இடத்தில் நின்று வரைந்தார்களோ அதே இடத்தில் நின்று புகைப்படம் எடுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் புனித யாத்திரை. ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றில் தொங்கியது. வந்தவர்கள் அதில் மனதில் பட்டதை எழுதிவிட்டுப் போவார்கள். நிறைந்தால் நிலையத்தார் அலமாரியில் வைத்துவிட்டுப் புதியது தொங்கவிடுவார்கள். இப்போது தொங்குவது பதினொன்றாவது.

ரொட்டிக் கடைக்குக் கூட்டம் வந்தால் சரி. குப்பை போடும் இடத்துக்கு ஏன் வருகிறார்கள்? ஒருமுறை வலையடியில் பூங்கொத்து வைத்துவிட்டுப் போனார்கள். இசோகாய் பூவை எரிக்கும் குப்பையிலும் சுற்றியிருந்த கண்ணாடித் தாளைப் பிளாஸ்டிக்கிலும் பிரித்துப் போட்டு, 'இங்கே பூ வைக்கக் கூடாது' என்று அட்டையும் எழுதித் தொங்கவிட்டார். அந்த அட்டையையும் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவர் ஒருவரிடமும் காரணம் கேட்கவில்லை. படக்கதை என்ற சொல்லே அவர் வீட்டில் புழங்கிப் பதினான்கு வருஷம் ஆயிற்று.

செப்டம்பர் மாதத்து இரண்டாம் புதன். இசோகாய் குனிந்து மூன்றாவது கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. திரும்பாமலே, "வண்டி வர நேரம். தள்ளி நில்லுங்க," என்றார்.

"தள்ளித்தான் நிக்கறேன், இசோகாய் சான். ஒன்பது தடவை வந்தாச்சு, ஒன்பது தடவையும் இதையேதான் சொன்னீங்க."

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண். கமியோ ரித்சுகோ என்று பெயர். ஜப்பானிய வழக்கப்படி மரியாதைக்குச் 'சான்' சேர்த்தே அவரைக் கூப்பிடுவாள். நகோயாவில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் நோயாளிகளுக்குக் கஞ்சி வைப்பவள். விடுமுறை கிடைத்தால் முதல் ரயிலைப் பிடித்து வந்துவிடுவாள். தன் குப்பையைத் தானே பையில் போட்டு எடுத்துப் போகிறவள் என்பதால் இசோகாய்க்கு அவள்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார், கயிற்றைச் சுற்றிக்கொண்டே. "இந்தக் குப்பையில அப்படி என்னத்தக் கண்டீங்க எல்லாரும்?"

ரித்சுகோ ஒரு அடி முன்னால் வந்தாள். அவர் போட்டு முடித்த முடிச்சைப் பார்த்தாள். "நீங்க இன்னும் பாக்கவே இல்லையா? ஆறாவது பாகம்... காட்டட்டுமா?" என்றாள்.

கைபேசியை அவர் முன்னால் நீட்டினாள். படத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. மேட்டுத்தெரு வாசல் ஒன்றில் ஒரு ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்து செய்தித்தாள்களைக் கட்டுகிறான். முகம் தெரியவில்லை. இடது தோள் இறங்கியிருக்கிறது. கட்டி முடித்துக் கொண்டுபோய்ச் சுவரோரம் வைக்கிறான். மழையில் முடிச்சு மட்டும் ஒரு கணம் பெரிதாகத் தெரிகிறது: இரண்டு சுற்று, மடித்த நுனி. பிறகு ஒரு பெண் வெறுங்காலோடு மேட்டிலிருந்து ஓடி வருகிறாள். வண்டி போய்விட்டது. அந்தச் செய்தித்தாள்களுக்கு நடுவில் அவள் வரைந்த முப்பத்திரண்டு தாள்கள் இருந்தன. பச்சை வலை மட்டும் சுவரோரம் நனைந்து கிடக்கிறது.

கைபேசி இருண்ட பிறகும் இசோகாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த முடிச்ச நானும் கட்டிக் கட்டிப் பாக்கறேன், அவுந்து அவுந்து போகுது," என்று ரித்சுகோ மெதுவாகச் சொன்னாள்.

"நுனிய அடியில செருகணும்," என்றார் இசோகாய். அவர் குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது. "படத்துல அது தெரியாது. வரைஞ்சது யாரு?"

"ஷிராகின்னு பேரு. ஆணா பொண்ணான்னுகூட யாருக்கும் தெரியாது. முகத்தக் காட்டினதே இல்ல."

ஷிராகி என்பது அவர் மனைவி ஃபுமியேவுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த குடும்பப் பெயர்.

நடந்தது இதுதான். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலம். மகள் மிஹாருவுக்கு இருபது வயது. பகலில் பல்பொருள் கடையில் வேலை பார்த்துவிட்டு, ஏழு மாதம் உழைத்து ஒரு படக்கதை வரைந்து முடித்திருந்தாள். மறுநாள் தபாலில் சேர்த்தாக வேண்டும், ஒரு போட்டிக்கு அதுதான் கடைசி நாள். ஈரத்தில் தாள் சுருளாமலிருக்கச் செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மறக்காமல் எடுத்துப்போக வாசலில் செருப்பு அலமாரி ஓரமாக வைத்தாள். காலையில் இசோகாய் வாசலில் இருந்த செய்தித்தாள்களையெல்லாம், எந்தக் காகித நாளிலும் செய்வதுபோல், பார்க்காமல் கட்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டார். கயிறு போடுவது அவ்வளவு கைவந்த வேலை.

மகள் நனைந்து திரும்பி வந்து நின்றபோது அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "ஐயோ, பாக்காம கட்டிட்டேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு வாய் வரவில்லை. தப்புச் செய்துவிட்டோம் என்று தெரிந்த மனிதனுக்குச் சில சமயம் ஒரு முரட்டுக் கோபம் வரும், அதுதான் வந்தது.

"காகிதம் போடற நாள்ல வாசல்ல காகிதத்த வெச்சா போகத்தான் செய்யும்," என்றார். அதோடு நிறுத்தவில்லை. "போனது பொம்மைப் படம்தானே."

மிஹாரு அழவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். அந்த இலையுதிர் காலத்தில் டோக்கியோ போய்விட்டாள். அம்மாவிடம் தொலைபேசியில் பேசுவாள். அவர் எடுத்தால், "அம்மா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்பாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஃபுமியே இறந்தபோது வந்தாள். தகப்பனும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் சேர்ந்து தலை குனிந்தார்கள். அந்த இரண்டு நாளும் சொல்ல வேண்டியதைச் சொல்ல அவர் பலமுறை அவள் அருகே போனார். கடைசியில், "டீ வேணுமா?" என்று கேட்டார். "வேண்டாம்," என்றாள். அவ்வளவுதான்.

அவள் நனைந்து வந்து நின்ற நாளுக்கு அடுத்த காகித நாளில்தான் இசோகாய் முதல் முறையாக அடுத்த வீட்டுக் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ரித்சுகோ போன பிறகு இசோகாய் ரயில் நிலையத்துக்குப் போனார். பழைய நோட்டுகளைக் கேட்டு வாங்கி, காத்திருப்பு அறை பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். ஒரு நாளில் முடியவில்லை. நான்கு நாள் போனார். கலங்கரை விளக்கத்தைப் பற்றி, ரொட்டியைப் பற்றி, கதையில் வரும் மகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். அப்பாவைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். 'அந்த முதுகைப் பார்த்தாலே ஒரு உதை கொடுக்கத் தோன்றுகிறது.' 'பெற்றவன் செய்கிற வேலையா இது?' 'என் அப்பாவும் இப்படித்தான். நான் வீட்டுக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.' கசப்பு மருந்தைக் குடிப்பதுபோல ஒரு வரி விடாமல் படித்தார். எதற்கும் கோபம் வரவில்லை. ஒன்பது வருஷம் என்று எழுதியிருந்த பக்கத்தை மட்டும் வெகுநேரம் புரட்டவில்லை.

மகளின் தொலைபேசி எண் அவரிடம் இருந்தது. ஃபுமியேவின் கையெழுத்தில், குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. தினமும் பால் எடுக்கும்போது கண்ணில் படும்.

அக்டோபர் இரண்டாம் புதன் காலை ரித்சுகோ மறுபடி வந்தாள். இந்த முறை அவர் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. அவளே கொஞ்சம் தள்ளி நின்று, "மிச்சத்தப் பாத்தீங்களா?" என்றாள்.

"இல்ல. அதுவே போதும்."

"போதாது, இசோகாய் சான்." அவள் குரலில் எப்போதும் இருக்கிற விளையாட்டு இல்லை. "உங்க தோளப் பாத்ததுமே மொத தடவையே எனக்கு சந்தேகம். கேக்கல. இடத்தப் பாக்கலாம், ஆளத் தோண்டக் கூடாது, அது எங்க கட்டுப்பாடு. ஆனா அதோட நிறுத்திட்டீங்கன்னா, உங்க மக பாதி சொல்லும்போதே நீங்க எழுந்து போன மாதிரி."

அவள் கடைசிப் பாகத்தைக் காட்டினாள். வருஷங்கள் போய்விட்டன. பனி பெய்கிறது. சுவரோரம் அதே முதுகு குனிந்திருக்கிறது. இப்போது தலை நரைத்திருக்கிறது. அந்தக் கிழவன் ஊரார் போட்ட கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, தாள்தாளாகப் புரட்டி, மறுபடி கட்டி வைக்கிறான். பேச்சு இல்லை, இசை இல்லை. பனி விழுந்துகொண்டே இருக்கிறது. அங்கேயே படம் முடிகிறது.

இசோகாய் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "அவ அம்மா சொல்லியிருப்பா."

"அம்மா சொல்லியிருக்கலாம். ஆனா இது சொல்லக் கேட்டு வரைஞ்சது இல்ல. யாரோ ஒரு இடத்துல நின்னு, பாத்து வரைஞ்சது." ரித்சுகோ படத்தை நிறுத்தி அவரிடம் கொடுத்தாள். "மத்த இடமெல்லாம் கண்டுபிடிச்சாச்சு. இத நின்னு வரைஞ்ச இடம் மட்டும் ரெண்டு வருஷமா யாருக்கும் கெடைக்கல. தெருவுல எங்க நின்னாலும் கரண்டு கம்பம் வலது பக்கம் வருது. படத்துல இடது பக்கம் இருக்கு. மேலேர்ந்து பாக்கற மாதிரியும் இருக்கு. மூலையில ஒரு நீலப் பறவை வேற."

இசோகாய் கண்ணை இடுக்கிப் பார்த்தார். நாற்பது வருஷமாக அந்தத் தெருவில் இருக்கிறவருக்கு அது பறவை என்று தோன்றவில்லை.

"பறவை இல்ல," என்றார். "துணிக்குப் போடற கிளிப்பு."

திரும்பி எதிர்வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தார். ஹமானாகா துணி உலர்த்தும் மாடி. கம்பியின் ஓரத்தில் நீல நிற கிளிப்புகள் வரிசையாகத் தொங்கின.

கதவைத் திறந்த ஹமானாகா, அவர் முகத்தையும் பின்னால் நின்ற ரித்சுகோவையும் அவள் கையிலிருந்த கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தாள். கேலி எதுவும் வரவில்லை.

"மந்திரி ஒருவழியா வந்துட்டீங்க," என்றாள். "உள்ள வாங்க. படி வழுக்கும், பாத்து ஏறுங்க."

மாடியில் இரண்டு பேர் நிற்க மட்டும் இடம் இருந்தது. இசோகாய் கம்பியோரம் போய் நின்றார். ரித்சுகோ கைபேசியை அவர் கண்ணுக்கு நேரே பிடித்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... கொஞ்சம் குனியுங்க. அவங்க உங்களவிடக் குட்டை," என்றாள். அவர் குனிந்தார். கம்பம் இடப்பக்கம் வந்து நின்றது. கூரை விளிம்பு, சுவர், பச்சை வலை எல்லாம் ஒவ்வொன்றாகப் படத்தோடு சேர்ந்தன. கீழே சுவரோரம் அவர் பாதியில் விட்டுவந்த கட்டு பிரிந்து கிடந்தது. அங்கே குனிந்து நிற்க வேண்டிய ஆள் மட்டும்தான் இல்லை.

"மூணு வருஷத்துக்கு முந்தி, பிப்ரவரியில வந்தா," என்றாள் ஹமானாகா, படியில் நின்றபடி. "ரெண்டு நாள் என் வீட்லதான் இருந்தா. புதன்கெழம காலையில இங்க வந்து நின்னா. கை வெறைக்க வெறைக்க வரைஞ்சா. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா."

"மூணு வருஷமா சொல்லலையா? நீங்களா?"

"நானேதான் பாருங்க! சொல்லாம இருந்து எனக்கு வியாதியே வந்துடும்போல இருந்துச்சு." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என் புருஷனோட கடுதாசிய என் வாசல்ல வெச்சுட்டு, ஊர்ல ஒருத்தர்கிட்டயும் நீங்க சொல்லல. நான் ஒண்ணாவது சொல்லாம இருக்க வேண்டாமா?"

இசோகாய் கம்பியை விடவில்லை. "கீழ ஏன் வரல அவ?"

ஹமானாகா ஒரு படி மேலே ஏறினாள். "நான் போய்க் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னா. அப்பா ஒரு தடவை திரும்பி மேல பாத்தா எறங்கிப் போறேன்னா. வண்டி வர்ற வரைக்கும் நின்னா. நீங்க திரும்பவே இல்ல, இசோகாய் சான். குனிஞ்ச தலை நிமிரல."

அந்த மாடியில், இரண்டு பெண்களுக்கு முன்னால், இசோகாய் தத்சுவோ அழுதார். பெண்கள் இருவரும் துணிகளைச் சரிசெய்வதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கீழே இறங்கியதும் ரித்சுகோ, "போன் பண்ணுங்க," என்றாள்.

"போன்ல சொன்னா அவ அப்பவே ஏதாவது பதில் சொல்லியாகணும். பரவாயில்லப்பான்னு சொல்லவேண்டி வரும். பதினாலு வருஷத்துக்கு அப்பறம் அந்தச் சுமையையும் அவ தலையில ஏத்த மாட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்த நோட்ட அவ பாப்பாளா?"

"எல்லாப் பக்கத்தையும் யாராவது படமெடுத்து இன்டர்நெட்டுல போடறாங்க. பாக்கணும்னு நெனைச்சா பாக்கலாம். வேண்டாம்னா விட்டுடலாம்."

"அப்ப அதுதான் சரி."

மறுநாள் காலை ரயில் நிலையத்தில், பதினொன்றாவது நோட்டில், கருவாட்டுப் பெட்டியில் ஊர்ப்பெயர் எழுதும் அதே கட்டைக் கையெழுத்தில் எழுதினார். மகளின் பெயரையும் தன் பெயரையும் எழுதவில்லை. பெயரை மறைத்து வாழ்கிறவளை அப்பனே காட்டிக்கொடுக்கக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தார்.

'ஆறாம் பாகத்தில் வரும் அப்பாவைப் பற்றி. அவன் பார்க்காமல் கட்டினான். அது கவனக்குறைவு. அதன் பிறகு, போனது பொம்மைப் படம்தானே என்றான். அது கவனக்குறைவு இல்லை. தப்பு தன்னுடையது என்று தெரிந்தே அதை மகள்மேல் போட்டான். ஏழு மாதம் அவள் உழைத்ததை அவன் பார்த்திருக்கிறான். அது பொம்மைப் படம் இல்லை என்று அன்றைக்கே அவனுக்குத் தெரியும். இங்கே அவனைத் திட்டி எழுதியவர்கள் எழுதியது சரிதான். மன்னித்துவிடு. பதில் வேண்டாம். மேட்டுத்தெருவில் காகிதம் பார்ப்பவன்.'

எழுதி முடித்து, பேனாவை மூடி வைத்துவிட்டு, யாரும் இல்லாத காத்திருப்பு அறையில் நோட்டுக்கு முன்னால் தலை குனிந்தார். பிறகு வீட்டுக்குப் போய்ச் சோறு வைத்தார்.

அக்டோபர் நான்காம் புதன் போயிற்று. நவம்பர் இரண்டாம் புதனும் போயிற்று. தெரு வழக்கம்போல இருந்தது. ஹமானாகா வழக்கம்போல அட்டையையும் பத்திரிகையையும் ஒன்றாகக் கட்டிப் போட்டாள். குப்பை இடத்துக்கு வருகிறவர்கள் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தார்கள். சிலர் அவரைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள். பூ வைக்கக் கூடாது என்ற அட்டையை அவர் எடுக்கவில்லை. விதி விதிதான்.

நவம்பர் நான்காம் புதன். ஆறு மணிக்கு அவர் வந்தபோது சுவரோரம் ஏற்கனவே ஒரு கட்டு இருந்தது. இவ்வளவு சீக்கிரம் யாரும் வைப்பதில்லை. குனிந்து கயிற்றைத் தொட்டவர் கையை எடுத்துவிட்டார். இரண்டு சுற்று, மடித்த நுனி, அடிப்பக்கம் செருகல். ஆறு வயதில் அவர் மடியில் உட்கார்ந்து, அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்து ஒரு சிறுமி கற்ற முடிச்சு அது. இவ்வளவு கச்சிதமாக வேறு யாருக்கும் அதைப் போடத் தெரியாது.

நுனியைப் பிடித்து இழுத்தார். திறந்துகொண்டது. மேலே நான்கு செய்தித்தாள், அடியில் நான்கு. நடுவில், ஈரம் படாமல், முப்பத்திரண்டு தாள்கள். இருபது வயதில் வரைந்த கதையைத்தான் முப்பத்து நான்கு வயதில் முதலிலிருந்து மறுபடி வரைந்திருந்தாள். இசோகாய் நடைபாதை விளிம்பிலேயே உட்கார்ந்து முதல் தாளை எடுத்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாக, ஓரத்தை மட்டும் பிடித்துப் படித்தார். கருவாட்டுப் பெட்டி கட்டுகிற ஒருவனையும் அவன் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் மகளையும் பற்றிய கதை. அதில் அப்பாவுக்கு முகம் இருந்தது. பல இடங்களில் அந்த முகம் சிரித்தது.

இதைத்தான் அன்றைக்குக் கட்டிப் போட்டிருக்கிறார்.

அவர் கடைசித் தாளுக்கு வந்தபோது வண்டியும் வந்தது. காகித வண்டிக்காரன் தொமிதா இறங்கி, மற்றக் கட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் பக்கத்தில் பிரிந்து கிடந்ததைப் பார்த்தான். பதினான்கு வருஷத்தில் இந்த மனிதர் ஒரு கட்டைக் கட்டாமல் விட்டதை அவன் பார்த்ததில்லை.

"என்னாச்சு, இசோகாய் சான்? இதையும் ஏத்திடவா?"

"இல்ல. இது எங்க வீட்டுது," என்றார் இசோகாய்.

தாள்களைச் சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு திரும்பினார். எதிர்வீட்டு மாடியைத் தலை நிமிர்த்திப் பார்த்தார். துணிக் கம்பிக்குப் பின்னால் நின்றிருந்தவள், நீல கிளிப்புகளை ஒதுக்கிவிட்டு, படியில் இறங்கத் தொடங்கினாள்.